கதண்டு நாவலில் நாற்பத்தொரு பிழைகள்

உங்க மடியில இருக்கிற புத்தகத்தைப் பாத்துட்டுத்தாம்மா இங்க வந்து உக்காந்தேன். இல்லன்னா ரயில்ல அந்தப் பக்கம் ஜன்னலோரமே காலியா கிடக்கு. ‘நாற்பதாயிரம் கொடுக்குகள்’. எத்தனாவது பக்கம் வந்திருக்கீங்க? அறுபத்தஞ்சா? அப்ப டாக்டர் ரக்‌ஷன் கொடைக்கானல் ஆராய்ச்சிக்கூடத்துல உக்காந்து கதண்டோட கண்ணுக்குள்ள கோபத்தைப் பாத்துட்டாரு. பூச்சியோட கண்ணுல கோபம் தெரியிற மைக்ரோஸ்கோப் எந்தக் கடையில விக்கிதுன்னு அந்த எழுத்தாளன் எழுதல. எழுதியிருந்தா நானும் ஒண்ணு வாங்கியிருப்பேன், எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாக்குறதுக்கு.

நீங்க வெளியூர் போலிருக்கு. கதண்டுன்னா பெரிய குளவி. இந்தப் பக்கம் தென்னையிலயும் பனையிலயும் பானை மாதிரி கூடு கட்டும். கூட்டைக் கலைச்சா மொத்தமா இறங்கி வரும், ஆளே செத்துப்போயிருக்காங்க. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லித்தான் அழிக்கணும். இதெல்லாம் உண்மை. அந்தப் புத்தகத்துல இருக்கிறது உண்மை இல்ல. அதான் வித்தியாசம்.

என் பேரு தமயந்தி. நீடாமங்கலம் ஸ்டேஷன்ல இறங்கி தமயந்தி டீச்சர் வீடுன்னு கேட்டா வாசல்ல கொண்டாந்து விட்டுருவாங்க. முப்பத்தோரு வருஷம் பதினொண்ணு, பன்னெண்டுக்கு விலங்கியல் எடுத்தேன். கரப்பான்பூச்சியோட வாயுறுப்பை நான் போர்டுல வரைஞ்சா, பாடப்புத்தகத்துல இருக்கிற படத்தை விட நல்லாருக்கும்னு இன்ஸ்பெக்‌ஷன் வந்தவரே சொல்லியிருக்காரு. பெருமைக்குச் சொல்லல. இருக்கிறதைச் சொல்றேன்.

இந்தப் புத்தகத்தை வாங்கினது எங்க வீட்டுக்காரர். போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. அடுத்தவங்க லெட்டரைப் படிக்க முடியாத ஏக்கத்தை இப்ப நாவல் படிச்சுத் தீத்துக்குறாரு. ரெண்டு நாளா சோத்துத் தட்டுலயே கவனம் இல்ல. படிச்சு முடிச்சுட்டு, தமயந்தி, நீயும் படி, உன் சப்ஜெக்ட்டுதான்னு நீட்டினாரு. என் சப்ஜெக்ட்டாம்.

படிச்சேன். சிவப்புப் பேனாவோட படிச்சேன். ஆண் கதண்டு கொட்டுதும்மா அதுல. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. மெழுகுல கூடு கட்டுது. அது தேனீ. கதண்டு மரத்தை மென்னு காகிதம் மாதிரி பண்ணித்தான் கட்டும். ஒரு தடவ கொட்டிட்டுச் செத்துப்போவுது. அதுவும் தேனீதான். ஆக, ஆளு தேனீயைப் பத்தி எங்கயோ படிச்சுட்டு, பேரை மட்டும் மாத்தி நானூறு பக்கம் எழுதியிருக்கான். நாப்பதாயிரம் கதண்டும் ஒரே கூட்டுல இருக்காம், அதுங்க தேர்த்திருவிழாவுல எறங்குதாம், அதுவும் ஜாதகம் பாத்த மாதிரி கெட்டவன் தலையில மட்டும். இதுல நடுவுல ஒரு காதல். அந்தப் பொண்ணு குளவிக்கூட்டத்துக்குள்ள பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஓடுறா.

பிழைங்களை எண்ணினேன். நாப்பத்தொண்ணு. எண்ணினதைச் சும்மா வச்சுக்கிட்டு என்ன பண்றது? புத்தகம் படிச்சவங்க கருத்துச் சொல்ற தளம் ஒண்ணு இருக்கு, செல்போன்லயே வரும். அதுல போடலாம்னு போனேன். போனாத்தான் தெரியுது நம்ம ஜனங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு. ஒருத்தர், ‘ஒரே மூச்சில் படித்தேன், மூச்சே வரவில்லை’ன்னு அஞ்சு நட்சத்திரம். மூச்சு வராதவரு எப்படி டைப் அடிச்சாரோ. இன்னொருத்தர், ‘இன்னும் படிக்கவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன்’, அதுக்கும் அஞ்சு. ஒருத்தர் அட்டை ஓரம் மடங்கி வந்துதுன்னு ஒரே ஒரு நட்சத்திரம். ஒரு அம்மா, குக்கர் நல்லா விசில் அடிக்குது, கைப்பிடிதான் லூசுன்னு எழுதியிருந்தாங்க. எங்கயோ போட வேண்டியதை இங்க வந்து போட்டுருக்காங்க. அத்தனை பேர்லயும் உபயோகமா எழுதினது அந்த அம்மாதான்.

நான் ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிச்சு நாப்பத்தொண்ணு வரைக்கும் பக்க எண்ணோட எழுதினேன். கீழ ‘எம்.எஸ்ஸி., பி.எட்.’னு போட்டேன். ரெண்டே வாரத்துல ஊர் முழுக்கப் பரவிடுச்சு. நாவலை விட உங்க விமர்சனம் நல்லாருக்குன்னு எழுதினாங்க. பொறாமை பிடிச்ச கிழவின்னும் எழுதினாங்க. கிழவிங்கிறதை ஒத்துக்குறேன்.

அதுல பதினேழாவது பிழை இருக்கு பாருங்க. நீங்க இன்னும் அங்க வரல, பரவால்ல, சொல்லிடுறேன். மாணிக்கம்னு ஒரு தென்னமரம் ஏறுறவன். அவனை அம்பது கதண்டு கொட்டிடுது. எந்திரிச்சு, முகம் கழுவி, டீ குடிச்சுட்டு வீட்டுக்கு நடந்து போறான். ரெண்டு நாள் கழிச்சு யூரின் கருப்பாப் போவுது, செத்துப்போறான். நான் எழுதினேன், ‘குளவி கொட்டி ஒவ்வாமை வருவதென்றால் அரை மணி நேரத்தில் வரும். அதைத் தாண்டி நடந்து வீட்டுக்குப் போனவன் பிழைத்தவன். இரண்டு நாள் கழித்துச் சாவது கதாசிரியரின் வசதிக்காக. கொட்டுப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டு வீணாகப் பயப்பட வேண்டாம்.’ இந்தக் கடைசி வரி அவசியமில்லதான். ஆனா ஒரு டீச்சர் எழுதினா ஜனங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்ல.

நூலகத்துல வாசகர் வட்டம்னு ஒண்ணு நடத்துறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம். அந்த எழுத்தாளரையும் கூப்பிட்டு, என்னையும் கூப்பிட்டு, ஒரே மேடையில உக்கார வச்சுட்டாங்க. அவன் பேரு புத்தகத்துல வெங்கதிர். நிஜப் பேரு பக்கிரிசாமி. ஒல்லியா, வெள்ளைச் சட்டை, கையில ஒரு நோட்டு. வந்தவுடனே எனக்கு வணக்கம் சொன்னான், மேடம்னு. நான் தலையை ஆட்டினேன்.

ஒவ்வொரு பிழையா வாசிச்சேன். ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பட்டுச்சேலைக்கு வந்தப்ப ஒருத்தருக்குப் புரையே ஏறிடுச்சு. அவன் குனிஞ்சு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தான். என்னடா எழுதுறான்னு எட்டிப் பாத்தேன். நான் சொல்ற திருத்தத்தைத்தான் ஒண்ணொண்ணா எழுதிக்கிறான். சும்மா சொல்லக் கூடாது, கையெழுத்து நல்லாருந்துது.

அவன் பேச வேண்டிய நேரம் வந்துது. எந்திரிச்சு, டீச்சர் சொன்னதுல நாப்பது சரி, அடுத்த பதிப்புல மாத்திடுறேன், எனக்கு விலங்கியல் வராதுன்னான். அந்தப் பதினேழை மட்டும் மாத்த மாட்டேன்னான்.

ஏன்னு கேட்டேன். ஆதாரம் இருக்கான்னேன்.

“எங்கப்பாதான் மேடம் ஆதாரம்”னான்.

அவன் சத்தம் போடல, கோபமும் இல்ல. அவங்கப்பா மரம் ஏறுறவராம். கொட்டுப்பட்டு நடந்தேதான் வீட்டுக்கு வந்தாராம். டீ குடிச்சாராம். மூணாம் நாள் போயிட்டாராம். அதோட விட்டிருக்கலாம்ல? விடல. “நான் உங்க ஸ்டூடண்ட்டு மேடம். லெவன்த் பி. அப்பா போயி ரெண்டு மூணு வாரத்துல பள்ளிக்கூடம் வந்தேன். நீங்க பூச்சிப் பாடம் நடத்துனீங்க. கதண்டு கொட்டுனா மூத்திரம் ஏன் மேடம் கருப்பாப் போவுதுன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. நீங்க, அசிங்கமாப் பேசாத, வெளிய போய் நில்லுன்னீங்க. அதுக்கு அப்புறம் யார்கிட்டயும் கேக்கல. கதையில எழுதிட்டேன்.”

எனக்கு ஞாபகம் இல்லம்மா. சத்தியமா ஞாபகம் இல்ல. முப்பத்தோரு வருஷத்துல எத்தனை பேரை வெளிய நிக்க வச்சிருப்பேன், அதுல மொட்டைத் தலையோட வராந்தாவுல நின்ன ஒருத்தனை மட்டும் தனியா ஞாபகம் வச்சுக்க முடியுமா? அது போக, பாடத்திட்டத்துல அது கிடையாது. கொடுக்கோட அமைப்பு இருக்கு, விஷச் சுரப்பி இருக்கு. கொட்டினதுக்கு அப்புறம் மனுஷனுக்கு என்ன ஆவுதுங்கிறது விலங்கியல் இல்ல, வைத்தியம். அதைத்தான் மேடையிலயும் சொன்னேன். யாரும் கைதட்டல. நன்றியுரை சொல்ல வந்தவரு அவசர அவசரமா முடிச்சுட்டாரு.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. ஒருத்தன் சபையில அப்பா செத்த கதையைச் சொல்லிட்டா அது அறிவியல் ஆயிடுமா? டாக்டர் செந்தாமரைன்னு என்கிட்டப் படிச்ச பொண்ணு, தஞ்சாவூர்ல சிறுநீரக டாக்டரா இருக்கா. அவகிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கி அந்தத் தளத்துல போட்டுடலாம்னு மத்தியானமே போன் பண்ணேன். கேள்வியை முடிக்கக்கூட விடல அவ. ஆமா டீச்சர், நிறைய கதண்டு கொட்டுனா அப்படி ஆவும், விஷம் சதையையும் ரத்தத்தையும் உடைச்சுரும், அது போய் கிட்னியை அடைச்சுக்கும், ரெண்டு மூணு நாள்ல யூரின் கருத்துரும், அலர்ஜி வேற, இது வேற, சீக்கிரம் கூட்டிட்டு வந்தா டயாலிசிஸ் பண்ணிக் காப்பாத்திரலாம்னு மளமளன்னு சொன்னா. சொல்லிட்டு, “யாருக்கு டீச்சர்?”னு கேட்டா.

யாருக்கும் இல்ல, சும்மா கேட்டேன்னு வச்சுட்டேன்.

வச்சவுடனேதான் உறைச்சுது. என் விமர்சனத்துக்குக் கீழ ஒரு பொண்ணு எழுதியிருந்தா. வெள்ளிக்கிழமை பாத்தேன். ‘டீச்சருக்கு நன்றி. புதன்கிழமை வாழைக்கொல்லையில என் வீட்டுக்காரரை நாப்பது அம்பது கதண்டு கொட்டிடுச்சு. இந்த நாவலைப் படிச்சிருந்ததால ரொம்பப் பயந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருந்தோம். உங்க பதினேழாவது பாயிண்டைப் படிச்சப்புறம் நிம்மதி ஆயிட்டோம். போகல.’ பேரு தையல்நாயகி, குடவாசல். அதுக்கு நான் ஒரு இதயம் போட்டிருந்தேன். செவப்பு இதயம்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாரு. எதையும் திருப்பிச் சொல்லிக்காட்டுற மனுஷன். அன்னிக்குச் சொல்லிக்காட்டல. உடனே ஆளைப் பிடிக்கணும்னாரு.

எப்படிப் பிடிக்கிறது? அந்தத் தளத்துல நம்பர் கிடையாது. கீழயே பதில் போட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் யாரு பாக்குறா? குடவாசல்ல தையல்நாயகின்னா தெருவுக்கு ஒருத்தி இருப்பா. வாசகர்களுக்குன்னு அந்த எழுத்தாளன் ஒரு வாட்ஸ்அப் குழு வச்சிருக்கான், அவனைக் கேளுன்னாரு இவரு. நீங்களே கேளுங்கன்னேன். நீதான் கேக்கணும்னாரு. இந்த மனுஷன் நாப்பது வருஷத்துல என்னை எதுக்கும் வற்புறுத்தினதில்ல.

கேட்டேன். காலையில அத்தனை பேர் முன்னால கிழிச்சுத் தொங்கவிட்டவனுக்கு மத்தியானம் மூணு மணிக்கு, நூலகத்துக்காரர்கிட்ட நம்பர் வாங்கி, நானே போன் பண்ணேன். என்ன ஆச்சுன்னு முழுசாச் சொன்னேன், இதயம் போட்டது உட்பட. சொல்லிட்டு, இப்ப ஏதாவது குத்திப் பேசப்போறான்னு காத்துக்கிட்டிருந்தேன். அவன், வச்சுருங்க மேடம், தேடுறேன்னான். கால் மணி நேரத்துல நம்பர் வந்துது.

தையல்நாயகி எடுத்தா. யாருன்னு சொன்னவுடனே அவளுக்கு ஒரே சந்தோஷம். டீச்சரே பேசுறீங்களான்னா. உன் வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்காருன்னேன். அவரு பேரு முருகையன், ஸ்கூல் வேன் ஓட்டுறவரு. படுத்திருக்காரு, கை காலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குதுங்கிறாரு, முகம் கொஞ்சம் வீங்கியிருக்குன்னா.

“யூரின் எப்படிம்மா போவுது?”

குரலை இறக்கி, “கட்டங்காப்பி மாதிரி இருக்கு டீச்சர். நேத்துலேருந்து. வெயில்ல வண்டி ஓட்டுன சூடுன்னு இளநி குடுத்தேன். இன்னிக்கிக் காலையிலேருந்து அதுவும் போகல”ன்னா.

அவளுக்குக் கேள்வியோட அர்த்தம் புரிஞ்சிடுச்சு. நாவலை முழுசாப் படிச்சவ இல்ல? கெளம்பும்மான்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுற சத்தம் கேட்டுது. முருகையனோட ஸ்கூல் வேன்லயே பின்சீட்டுல அவரைப் படுக்க வச்சு தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் செந்தாமரைக்குத் திருப்பிப் பேசி, யாருக்குன்னு கேட்டியேம்மா, இவருக்குத்தான்னு சொன்னேன்.

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்னு சொன்னாங்களாம். டயாலிசிஸ் போட்டாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னியோட ஒம்போதாவது. கொஞ்சம் கொஞ்சமா கிட்னி திரும்பிக்கிட்டிருக்கு, பயமில்லன்னு செந்தாமரை சொல்றா. ஆனா அவருகிட்ட அதைச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. ஆளு பயந்துபோயிருக்காரு. தினம் யூரினை அளந்து எழுதுறாங்க, அந்தச் சீட்டையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாரு.

முதல் தடவ பாக்கப் போனப்ப ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். கிட்னிக்காரங்களுக்கு அது ஆகாதுன்னு நர்ஸ் திருப்பிக் குடுத்துட்டாங்க. தையல்நாயகி சின்னப் பொண்ணு, முப்பது கூட இருக்காது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “நீங்க சொன்னதாலதான் டீச்சர் வீட்டுல இருந்தோம். நீங்க சொன்னதாலதான் கெளம்புனோம்”னா. நன்றியாத்தான் சொன்னா. வேற எப்படிச் சொல்லியிருப்பா? ஸ்டூல் போட்டு உக்கார வச்சா, டீ வாங்கியாந்தா. நானும் குடிச்சேன்.

எங்க வீட்டுக்காரர் அந்த விமர்சனத்தையே எடுத்துருன்னாரு. அது எப்படி? பதினேழை எடுத்துட்டேன். அந்த இடத்துல, இது என் பிழை, கொட்டுப்பட்டவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்னு எழுதினேன். பாக்கி நாப்பது பிழைதானே? ஆண் கதண்டுக்கு இன்னும் கொடுக்கு முளைக்கலயே. அதுக்கும் ஒருத்தர் கீழ வந்து, டீச்சருக்கே தப்பான்னு பல்லிளிக்கிற பொம்மை போட்டிருக்காரு. அந்த ஆளு முன்னாடி என்ன எழுதியிருக்காருன்னு போய்ப் பாத்தேன். இன்னும் படிக்காம அஞ்சு நட்சத்திரம் போட்டவரு.

நான் இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே ரயில்ல தஞ்சாவூர் போறேன். ரிட்டயர் ஆனவளுக்கு என்ன வேலை? மெஷின்ல நாலு மணி நேரம் அசையாமப் படுத்திருக்கணும். அவருக்குப் பொழுது போகணும்னு தையல்நாயகி புத்தகம் வாசிச்சுக் காட்டுறா. எந்தப் புத்தகம்ங்கிறீங்க? இதேதான். உலகத்துல வேற புத்தகமே இல்லாத மாதிரி. ஏம்மா இதைப் போய்ன்னேன். அவருதான் கேட்டாரு டீச்சர், தன்னைக் கொட்டுனது என்னன்னு தெரிஞ்சுக்கணுமாம்னா. இதுல எங்கேருந்து தெரிஞ்சுக்குறது.

முந்தாநாள் அவ மாத்திரை வாங்கக் கீழ போனா. வரிசை பெருசு. இவரு என்னைப் பாத்து, “அவ வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் வாசிங்களேன் டீச்சர்”னாரு. எனக்கா? அந்த வசனத்தை நான் வாயால சொல்றதா? ஆனா மெஷின்ல படுத்திருக்கிறவருகிட்ட என்னத்தைச் சொல்றது. வாங்கி, அடையாளம் வச்ச இடத்தைப் பிரிச்சேன். அது மாணிக்கம் மரம் ஏறுற அத்தியாயம்.

வாசிச்சேன். கொட்டுது. எந்திரிக்கிறான். முகம் கழுவுறான். டீ குடிக்கிறான். அதுவரைக்கும் கண்ணை மூடிக்கிட்டிருந்தவரு தொறந்தாரு. எனக்கும் இப்படித்தான் டீச்சர், நானும் டீ குடிச்சேன்னாரு. மறுநாள் உடம்பு வலி. அதுக்கு அடுத்த நாள் யூரின் கருப்பு. அவரு தலையைத் தூக்க முடியாம என் வாயையே பாக்குறாரு. நான் அடுத்த வரியைப் பாத்துட்டேன். ‘விடியும்போது மாணிக்கம் இறந்திருந்தான்.’ நல்ல கொட்டை எழுத்துல அச்சாயிருக்கு.

நான் வாசிச்சேன், “விடியறதுக்குள்ள மாணிக்கத்தை வண்டியில போட்டு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனாங்க. ரத்தத்தைச் சுத்தம் பண்ணாங்க. கொஞ்ச நாள்ல யூரின் வெள்ளையாப் போச்சு. பொழச்சுக்கிட்டான்.”

அப்படியா எழுதியிருக்குன்னாரு. அச்சுல இருக்குங்கன்னேன். தலையைத் தலகாணியில சாச்சுக்கிட்டாரு. அந்தச் சீட்டை அன்னிக்கு எடுத்துப் பாக்கல.

நிமிர்ந்தா தையல்நாயகி மாத்திரைப் பையோட நிக்கிறா. எப்ப வந்தான்னு தெரியல. புத்தகத்தை அவகிட்ட நீட்டினேன். வாங்கல. “நீங்களே வாசிங்க டீச்சர், நீங்க வாசிச்சா நல்லாருக்கு”ன்னுட்டா.

இப்ப மாட்டிக்கிட்டேன். ஏன்னா அடுத்த அத்தியாயம் முழுக்க மாணிக்கத்துக்குக் காரியம். பந்தல் போட்டு, சொந்தக்காரங்க வந்து, சாப்பாடு போட்டு, பன்னெண்டு பக்கம். நல்லா இருக்கிற ஆளுக்கு எப்படிக் காரியம் பண்றது? ரெண்டு நாளா மண்டையைப் பிச்சுக்கிட்டு, கடைசியில அவன் பொண்ணுக்குக் காதுகுத்துன்னு மாத்திட்டேன். பந்தல் இருக்கட்டும், சாப்பாடு இருக்கட்டும், மாமன்காரன் வர்றதும் சரியாப் போச்சு. எங்க வீட்டுக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னாரு.

அவன் பொண்டாட்டி அழுவுற இடம் ஒண்ணு வருது, ஒரு பக்கம். அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. நாலஞ்சு தடவ படிச்சுப் பாத்தேன். சிவப்புப் பேனா வச்சுக்கிட்டுத்தான் படிச்சேன். ஒரு வார்த்தை எடுக்க முடியலம்மா. அது அப்படியே இருக்கட்டும். காது குத்துறப்ப புள்ளைக்கு வலிக்குமேன்னு அவ அழுவுறதாச் சொல்லிக்கிறேன்.